பரிசும் பெயரும்: மருத்துவ நோபல் வரலாற்றில் ஒரு காய்ச்சல்

பாட்டு நிலைத்துப் பாடியவர் பெயர் மறைவது தமிழுக்குப் புதியதன்று. குறுந்தொகையைத் தொகுத்த சான்றோர் முன் இத்தகைய பாடல்கள் பல இருந்தன. ஆசிரியர் பெயர் தெரியவில்லை என்பதற்காக அவற்றை அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. பாடலுக்குள் ஒளிவிடும் ஒரு தொடரை எடுத்து அதனையே புலவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்னும் பெயர்கள் அவ்வாறு பிறந்தவையே. பெயர் தெரியாத ஒருவர்க்குச் செய்யத்தக்க சிறப்பு இதனினும் உயர்ந்தது ஒன்று உண்டா என்பது ஐயமே.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் இந்நினைவு எழுவதற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் நாம் கவிஞர்க்குப் பொன்னாடை போர்த்துகிறோம், பரிசு வழங்குகிறோம். பரிசு என்பது ஒருவரைச் சுட்டும் விரல். விரல் ஒருவரைச் சுட்டும்போது அவரைச் சூழ நிற்போர் இருளில் மறைகின்றனர். இதனை உலகறிந்த ஒரு பரிசின் வரலாற்றில் வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பரிசு மருத்துவத்துக்கான நோபல் பரிசு. நூற்றாண்டுக்கும் மேற்பட்ட அதன் வரலாறு முழுவதையும் ஒரு கட்டுரைக்குள் அடக்க இயலாது. ஆதலின் மலேரியா என்னும் ஒரே காய்ச்சலைக் கைவிளக்காகக் கொண்டு அவ்வரலாற்றுக்குள் செல்கிறேன். மருத்துவம் என் துறையன்று. எனினும் பெயர்களும் பனுவல்களும் என் துறையே. அத்துணிவில் எழுதுகிறேன்.

கவிதை எழுதிய வேதியியலர்

1833ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் பிறந்த ஆல்ஃபிரட் நோபலை டைனமைட்டைக் கண்டவர் என்றே உலகம் அறியும். இளமையில் அவர் ஆங்கிலத்தில் கவிதைகள் எழுதியவர் என்பதும், இறுதி ஆண்டில் நெமெசிஸ் என்னும் நாடகம் ஒன்றை எழுதி அச்சிட்டவர் என்பதும் பலர் அறியாதவை. அவர் மறைந்த பின்னர் அந்நாடகத்தின் படிகளுள் மூன்று நீங்கலாக அனைத்தும் அழிக்கப்பட்டன. வெடிமருந்து நிலைத்தது, நாடகம் எரிந்தது. எழுதுகோல் பிடித்த நமக்கு இச்செய்தி சற்று வருத்தம் தருவதே.

1895ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் பாரிஸ் நகரில் நோபல் தம் விருப்ப முறியில் கையொப்பமிட்டார். 1896 டிசம்பர் 10ஆம் நாள் இத்தாலியின் சான்ரெமோவில் மறைந்தார். ஏறத்தாழ 31 மில்லியன் குரோனர் பெறுமானமுள்ள அவர்தம் செல்வத்தின் பெரும்பகுதி ஐந்து பரிசுகளுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. இயற்பியல், வேதியியல், உடலியங்கியல் அல்லது மருத்துவம், இலக்கியம், அமைதி ஆகியன அவ்வைந்து. மருத்துவப் பரிசை வழங்கும் பொறுப்பு ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. எந்நாட்டவர் என்று பாராது தகுதி ஒன்றையே பார்த்து வழங்குக என்று நோபல் எழுதிவைத்தார். நாட்டுப் பற்று நாட்டு வெறியாகக் கனன்றுகொண்டிருந்த அக்கால ஐரோப்பாவில் இது அரிய சிந்தனை.

அம்முறியில் இலக்கண ஆசிரியர் கண்ணுக்குத் தப்பாத ஒரு செய்தி உண்டு. தலைசிறந்த கண்டுபிடிப்பைச் செய்த 'ஒருவர்க்கு' என்றே நோபல் எழுதினார். ஒருமை! பின்னர் வகுக்கப்பட்ட விதிகள் பரிசைப் பகிர இடம் தந்தன. எனினும் மூவர்க்கு மேல் பகிரலாகாது என்பது இன்றளவும் விதி. ஆய்வு பன்மையில் நிகழ்வது. பரிசு ஒருமையில் வழங்கப்படுவது. இவ்வேறுபாட்டிலிருந்தே பின்வரும் கதைகள் யாவும் கிளைக்கின்றன.

மறந்துபோன பெயர்

1901ஆம் ஆண்டின் முதற்பரிசு தொண்டை அடைப்பான் நோய்க்கு ஊனீர் மருத்துவம் கண்ட ஜெர்மானியர் எமில் ஃபான் பேரிங்குக்குச் சென்றது. இரண்டாம் பரிசு, 1902இல், ரொனால்ட் ராஸ் என்பவரை அடைந்தது. அவர் இந்திய மண்ணில் அல்மோராவில் 1857இல் பிறந்தவர். படைத்தலைவர் ஒருவரின் மகன். ஓவியராகவோ எழுத்தாளராகவோ ஆக வேண்டும் என்பது அவர் விருப்பம். மருத்துவராக வேண்டும் என்பது தந்தையின் கட்டளை. கட்டளை வென்றது. இலண்டனில் மருத்துவம் பயின்று 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். பணியில் சேர்ந்த பின்னும் கவிதையை விட்டாரல்லர், புதினங்களும் எழுதினார்.

மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்பது பொருள். சதுப்பு நிலத்தின் நச்சுக் காற்றே இக்காய்ச்சலைத் தருகிறது என்று பல நூற்றாண்டுகள் நம்பப்பட்டது. 1880இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பணியாற்றிய பிரெஞ்சுப் படை மருத்துவர் அல்ஃபோன்ஸ் லாவெரான், நோயாளியின் குருதித் துளியில் உயிருள்ள ஒட்டுண்ணியைக் கண்டார். அவ்வொட்டுண்ணி ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு எவ்வாறு செல்கிறது என்பது புதிராகவே நின்றது. கொசு வழியாக இருக்கலாம் என்று இலண்டனில் இருந்த பேட்ரிக் மான்சன் கருதினார். 1894இல் தம்மைக் காண வந்த ராஸுக்கு அவ்வொட்டுண்ணியை நுண்ணோக்கியில் காட்டியவரும் அவரே.

இந்தியா திரும்பிய ராஸ் ஈராண்டுகளுக்கு மேலாகக் கொசுக்களை அறுத்துப் பார்த்தார். தவறான இனக் கொசுக்களை அறுத்ததனால் ஒன்றும் கிட்டவில்லை. 1897இன் தொடக்கத்தில் உதகமண்டலத்தில் தங்கியிருந்தபோது நீலகிரியின் சீகூர் மலைப்பாதைக்குச் சென்று அங்கே தாமே மலேரியாவில் விழுந்தார். பின்னர்ச் செகந்தராபாத் திரும்பி ஆகஸ்டு மாத வெப்பத்தில் நுண்ணோக்கி முன் அமர்ந்தார். நெற்றியிலிருந்தும் கையிலிருந்தும் வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. பங்கா இழுத்தால் அறுத்துவைத்த கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் காற்றும் இல்லை.

ஆகஸ்டு 16ஆம் நாள் புழுவிலிருந்து வளர்ந்து வெளிவந்த புள்ளிச் சிறகுக் கொசுக்கள் குப்பியில் கிடைத்தன. ஹுசேன் கான் என்னும் மலேரியா நோயாளியை அவை கடிக்கவிடப்பட்டன. கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் அவருக்கு ஓர் அணா கூலி. நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 20ஆம் நாள், எஞ்சியிருந்த கொசுக்களுள் ஒன்றை அறுத்தபோது அதன் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணியின் கருநிறத் துகள் செறிந்த உருண்டைகளை ராஸ் கண்டார். பன்னெடுங்காலப் புதிர் அன்று அவிழ்ந்தது. அவர் அந்நாளைக் கொசு நாள் என்றே அழைத்தார். அதன் மகிழ்ச்சியைக் கவிதையாகவும் எழுதினார். மருத்துவ வரலாற்றின் பெருங்கண்டுபிடிப்பு ஒன்றைக் கண்டவரே பாடியும் வைத்திருக்கிறார் என்பது நமக்கு உவகை தருவது.

ஆனால் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அக்கவிதையன்று. 1923இல் ராஸ் வெளியிட்ட தன்வரலாற்றில் உள்ள ஒரு சிறு குறிப்பே. அந்த ஆகஸ்டு 16ஆம் நாள் காலை, மருத்துவமனைச் சுவரில் வால் உயர்த்தி அமர்ந்திருந்த ஒரு சிறு கொசுவை அவருக்குச் சுட்டிக்காட்டியவர் மருத்துவமனை உதவியாளர் ஒருவர். அவ்வாறு அமர்வது மலேரியாவைப் பரப்பும் கொசு இனத்தின் இயல்பு. இச்செய்தியை எழுதுமிடத்து, அவ்வுதவியாளரின் பெயரைத் தாம் மறந்துவிட்டதாக வருத்தத்துடன் குறிக்கிறார் ராஸ்.

எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. கொசு அமர்ந்த கோணம் நினைவில் இருந்தது. நாள் நினைவில் இருந்தது. நோயாளிக்குத் தந்த அணாக்கணக்கும் வரலாற்றில் நின்றது. சுட்டிக்காட்டிய விரலுக்கு உரியவரின் பெயர் மட்டும் நிற்கவில்லை. ராஸை இழித்துரைக்க இதனைக் கூறவில்லை. மறந்ததை மறைக்காது எழுதினாரே, அது அவர்தம் நேர்மை. மறந்தேன் என்று எழுதாமலே மறந்தோர் எத்துணைப் பேர்!

1898இல் கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்து, ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், கடிக்கும்போது அடுத்த உடலுக்குள் செல்வதையும் ராஸ் நிறுவினார். ஆங்கு முகமது பக்ஸ் என்னும் உதவியாளர் அவருக்குத் துணைநின்றார். அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியின் ஜொவானி பத்திஸ்தா கிராஸியும் அவர்தம் தோழர்களும், மனிதரைத் தாக்கும் மலேரியாவை அனாபிலிஸ் இனக் கொசு பரப்புவதை மெய்ப்பித்தனர். முதலில் கண்டவர் யார் என்னும் பூசல் மூண்டது. பரிசை இருவர்க்கும் பகிரலாமா என்ற எண்ணம் எழுந்ததென்றும், ராபர்ட் கோக் கிராஸிக்கு எதிராக நின்றாரென்றும் வரலாற்றாசிரியர் எழுதுவர். பரிசு ராஸ் ஒருவர்க்கே சென்றது. பரிசு பெற்றதனால் பூசல் தணியவில்லை. தமக்கு வழிகாட்டிய மான்சனுடனும் ராஸ் பின்னாளில் பிணங்கினார். பரிசு மனநிறைவு தரும் என்பதற்கு உறுதியில்லை.

ஒட்டுண்ணியை முதன்முதல் கண்ட லாவெரானுக்கு 1907இல்தான் பரிசு கிட்டியது. வேர் இருக்கக் கிளைக்கு முதலில் நீர் வார்த்தது போன்றது இது. அவர் பரிசுத் தொகையில் பாதியைப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் வெப்பமண்டல நோய்களுக்கான ஆய்வகம் ஒன்றை அமைக்க அளித்தார். பரிசைத் தனிச்சொத்தாகக் கொள்ளாது பொதுச்சொத்தாக்கிய அச்செயல் போற்றத்தக்கது.

முடிசூடியும் நில்லாதவை

பரிசு பெற்றதெல்லாம் நிலைக்கும் என்பதும் இல்லை. வியன்னாவின் ஜூலியஸ் வாக்னர்-யவுரெக் 1917இல் வியப்பான ஒரு முறையைக் கையாண்டார். மேகநோய் முற்றி மூளையைத் தாக்கிய ஒன்பது நோயாளர்க்கு மலேரியாக் குருதியைச் செலுத்திக் கடுங்காய்ச்சலை உண்டாக்கினார். பின்னர்க் குயினைன் கொடுத்துக் காய்ச்சலைத் தணித்தார். நோயை நோயால் வெல்லும் முயற்சி அது. அக்காலத்தில் அந்நோய்க்கு வேறு மருந்தில்லை. பலர் தேறினர், சிலர் மாண்டனர். 1927இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 1940களில் பெனிசிலின் வந்ததும் அம்முறை வழக்கொழிந்தது.

1948ஆம் ஆண்டின் பரிசு இன்னும் சிந்திக்கத்தக்கது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் கெய்கி நிறுவனத்தில் பணியாற்றிய பால் முல்லர் மருத்துவர் அல்லர், வேதியியலர். 1874இலேயே உருவாக்கப்பட்டுப் பயனறியாது கிடந்த டி.டி.டி. என்னும் பொருள் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றலுடையது என்று 1939இல் கண்டார். அம்மருந்து உலகெங்கும் தெளிக்கப்பட்டது. விளைவு வியப்பூட்டியது. விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆட்பட்டதாக மதிப்பிடப்பட்ட இந்தியாவில், 1965இல் அத்தொகை ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைந்தது. இலங்கையில் 1963ஆம் ஆண்டு முழுமைக்கும் பதிவானோர் 17 பேரே.

வெற்றி பெற்றோம் என்று கை ஓய்ந்தது. இலங்கையில் தெளிப்பு நிறுத்தப்பட, சில ஆண்டுகளிலேயே லட்சக்கணக்கானோரை நோய் மீண்டும் தாக்கியது. கொசுக்களும் நஞ்சைத் தாங்கப் பழகின. இந்தியாவில் 1976இல் நோயுற்றோர் தொகை 64 லட்சத்தைத் தாண்டியது. இதற்கிடையே 1962இல் ரேச்சல் கார்சன் எழுதிய மௌன வசந்தம் என்னும் நூல், டி.டி.டி. பறவைகளுக்கும் நீருக்கும் நிலத்துக்கும் செய்யும் கேட்டை உலகுக்கு உணர்த்தியது. 1972இல் அமெரிக்கா அதன் பயனைப் பெரும்பாலும் தடைசெய்தது. பரிசுக் குழுவினர் தவறிழைத்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கோடிக்கணக்கான உயிர்கள் அதனால் காக்கப்பட்டமை மெய். அன்றன்று அறியக்கூடியதைக் கொண்டே அன்றன்று பரிசு அளிக்க இயலும். காலம் தன் தீர்ப்பைப் பின்னரே எழுதும். இலங்கையோ சோர்ந்துவிடாது பணியாற்றி, 2016இல் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றினை உலக நலவாழ்வு நிறுவனத்திடம் பெற்றது. அச்சான்றுக்கு உரியவர் தனியொருவர் அல்லர். ஊர்தோறும் வீடுதோறும் சென்ற பணியாளர் அனைவரும்.

பழம்பனுவல் தந்த மருந்து

2015ஆம் ஆண்டின் பரிசே என்னை இவ்வரலாற்றுக்குள் முதலில் இழுத்தது. அவ்வாண்டின் பரிசில் ஒரு பாதி, உருளைப்புழு நோய்களுக்கு மருந்து கண்ட வில்லியம் காம்பெல், சதோஷி ஓமுரா ஆகிய இருவர்க்கும் சென்றது. மற்றொரு பாதி சீனத்தின் து யூயூ என்னும் பெண்மணியை அடைந்தது. 1930இல் நிங்போ நகரில் பிறந்த அவருக்கு யூயூ என்னும் பெயர், சீனத்தின் தொன்மையான கவிதைத் தொகுப்பிலிருந்து எடுத்துத் தந்தையால் சூட்டப்பட்டது. மான்கள் மேயும்போது எழுப்பும் ஒலியே அப்பெயர். அவை மேய்வதாகப் பாடப்படும் தழையும் ஹாவ் என்னும் பெயருடையது. பாட்டிலிருந்து பெயர் பெற்றவர் அப்பெயருடைய செடியிலிருந்தே மருந்து கண்டது, கவிஞர்கள் கற்பனை செய்திருந்தால் மிகை என்று தள்ளத்தக்க பொருத்தம்.

வியட்நாம் போர் நிகழ்ந்த காலம். அங்குப் போரிட்டோரை மலேரியா வாட்டியது. பழைய மருந்துகள் பயனிழந்தன. 1967 மே 23ஆம் நாள் சீனத்தில் மறைவான ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கியது. தொடங்கிய திங்களும் நாளும் சேர்ந்து '523' என்பதே அதன் பெயராயிற்று. 1969இல் பெய்ஜிங்கின் மரபு மருத்துவக் கழகத்தில் து யூயூ ஒரு குழுவுக்குத் தலைவரானார். பழைய நூல்களையும் முதிய மருத்துவர்களையும் நாடி ஏறத்தாழ 2,000 மருந்து முறைகளைத் திரட்டினார். அவற்றுள் 640ஐத் தெரிந்து சிறு நூலாக்கினார். நூற்றுக்கணக்கான சாறுகள் சோதிக்கப்பட்டன. சிங்ஹாவ் என்னும் செடி ஒருகால் நற்பயன் தந்தது, மறுகால் ஏமாற்றியது.

மீண்டும் நூல்களுக்குத் திரும்பினார். நான்காம் நூற்றாண்டின் கே ஹோங் எழுதிய அவசர மருத்துவக் கையேட்டில் அச்செடியைப் பற்றிய குறிப்பு ஒன்று இருந்தது. தழையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். காய்ச்ச வேண்டும் என்று அதில் இல்லை. பிற மருந்துகளுக்குக் காய்ச்சுவதே வழக்கமாக இருக்க, இதற்கு மட்டும் பிழியச் சொன்னது ஏன்? வெப்பம் மருந்தின் ஆற்றலைக் கெடுத்துவிடுமோ? இவ்வையம் எழுந்ததும், குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபர் 4ஆம் நாள் 191ஆம் எண் சாறு, எலிகளின் மலேரியா ஒட்டுண்ணியை முற்றாக அழித்தது. மறு ஆண்டு அம்மருந்தை நோயாளர்க்குக் கொடுக்கும் முன் அவரும் தோழர்களும் தாமே உட்கொண்டு சோதித்தனர். அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே ஆர்ட்டெமிசினின். நம் மகளிர் கூந்தலில் சூடும் மரிக்கொழுந்தும் அச்செடியும் ஆர்ட்டெமிசியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

உரை காண்போர்க்கு இஃது உவப்பான கதை. சொல்லப்பட்டதை மட்டுமன்றிச் சொல்லப்படாததையும் படித்ததனால் கிட்டிய வெற்றி இது. ஆயினும் இதனைக் கைக்கொண்டு நம் முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவது முறையாகாது. கே ஹோங்கின் ஏடு 1,600 ஆண்டுகள் இருந்தது. அவ்வளவு காலமும் மக்கள் மலேரியாவில் மாண்டனர். ஏடு வழிகாட்டியது, மெய்ப்பித்தது சோதனை. 2,000 முறைகளுள் நின்றது ஒன்று. நம் சித்த மருத்துவச் சுவடிகளுக்குச் செய்யத்தக்க மெய்யான தொண்டும் இதுவே: பிழையறப் பதிப்பித்தல், ஐயத்துடன் படித்தல், தளராது சோதித்தல்.

பெயரின் சிக்கல் இங்கும் எழுந்தது. ஆய்வு முடிவு 1977இல் வெளியானபோது எவர் பெயரும் அதில் இல்லை. கூட்டுழைப்பில் தனிப்பெயர் கூடாது என்பது அக்காலச் சீனத்தின் வழக்கம். பின்னர் 2011இல் லாஸ்கர் விருதும் 2015இல் நோபல் பரிசும் து யூயூ ஒருவரைச் சுட்டியபோது, அத்திட்டத்தில் உழைத்த ஏனையோரை மறக்கலாமா என்ற வினா சீனத்துக்குள்ளேயே எழுந்தது. ஒருபுறம் எவர் பெயரும் இல்லாமை; மறுபுறம் ஒருவர் பெயர் மட்டும் இருத்தல். இரண்டும் உண்மைக்குச் சற்று விலகியவையே. முனைவர் பட்டமோ வெளிநாட்டுப் பயிற்சியோ பெறாத து யூயூ, ஸ்டாக்ஹோமில் தாம் ஆற்றிய உரையில் உடனுழைத்தோரை நினைவுகூரத் தவறவில்லை.

நிறைவாக

முனைவர் பட்டம் பெற்ற யான் இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் ஆய்வேட்டின் நன்றியுரை நான்கு பக்கம். நெறியாளர் தொடங்கித் தட்டச்சு செய்தவர் வரை அதில் பெயர்கள் உண்டு. நான் பல மாதம் படித்த நூலகத்தில் பழைய கட்டுகளை எடுத்துத் தரும் முதியவர் ஒருவர் இருந்தார். ஒருநாள், நான் கேட்ட நூலைத் தேடாமலே, "அம்மா, அது பட்டியல்ல இருக்காது, மேல்தட்டுல அட்டை போன கட்டுல கிடக்கு" என்று சொல்லி ஏணி வைத்து ஏறி எடுத்துத் தந்தார். தலைப்புப் பக்கம் இழந்த அந்தப் பதிப்பு இல்லையேல் என் மூன்றாம் இயல் இல்லை. நன்றியுரையில் நான் எழுதியதோ, 'நூலகப் பணியாளர் அனைவர்க்கும்' என்னும் ஒரு தொடர். ஆய்வேடு நூலாகும்போது பெயர் சேர்க்க எண்ணிச் சென்றேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். எல்லாரும் அவரைப் பெரியவர் என்றே அழைத்திருந்தோம். பதிவேட்டைப் பார்த்துச் சொல்வதாக அங்கிருந்தோர் கூறினர். நான் மறுபடியும் போகவில்லை. நூல் அப்படியே வெளிவந்தது. ராஸின் அச்சிறு குறிப்பைப் படித்த நாளில் அம்முதியவர் முகமே என் கண்முன் வந்தது.

பரிசுகள் வேண்டாம் என்பது என் கருத்தன்று. 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் பேர் மலேரியாவால் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். 2021இலும் 2023இலும் உலக நலவாழ்வு நிறுவனம் இரு தடுப்பூசிகளைப் பரிந்துரைத்துள்ளது. இன்னும் கண்டறிய வேண்டியவை பல. உழைப்போரை ஊக்கும் பரிசு உலகுக்கு வேண்டும். பரிசு சுட்டும் விரலாக இருக்கட்டும். திரையாக ஆகிவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

ஆதலின் வட்டத்தின் முன் சிறு கருத்தொன்றை வைக்கிறேன். பதினோராம் ஆண்டு முதல் நாம் வழங்கும் ஒவ்வொரு பரிசின் பாராட்டிதழிலும் ஒரு வரி ஒதுக்குவோம். பரிசு பெறுபவர் தமக்கு வழிகாட்டிய, தமக்கு முன் எவரும் பாராட்டாத ஒருவர் பெயரை அவ்வரியில் எழுதட்டும். இம்மலரின் இறுதிப் பக்கத்தில் அச்சிட்டோர், மெய்ப்புத் திருத்தியோர் பெயர்களோடு, பத்தாண்டுகளாக நம் கூட்டங்களுக்கு நாற்காலி அடுக்கித் தேநீர் கொண்டுவருபவரின் பெயரும் இடம்பெறட்டும். இக்கட்டுரையை எழுதத் தொடங்கும் முன் அவரிடம் பெயர் கேட்டேன். சொன்னார். முழுப்பெயரும் தந்தை பெயரும் எழுதி மலர்க் குழுவினரிடம் கொடுத்துவிட்டேன்.